உறுதிப் பிரதிகளில் ஊரின் வரலாறு

மதுரங்குளியில் ஒரு தென்னங்காணி விலைக்கு வந்தால், மண்ணையும் மரத்தையும் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடாது. "உறுதி யார் முடிச்சது?" என்று கேட்பார்கள். ஊரறிந்த பழைய நொத்தாரிசு ஒருவரின் பெயரைச் சொன்னால் வாங்க வந்தவரின் முகம் தெளியும். அறியாத பெயரென்றால், புத்தளம் காணிப் பதிவகத்தில் ஏட்டைப் பார்த்த பிறகுதான் அடுத்த பேச்சு. ஒரு சட்ட அலுவலகம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைக்கும் சொத்து இந்த நம்பிக்கைதான்.

கொழும்பின் பெரிய சட்ட நிறுவனங்களுக்கு அவற்றின் வயதே விளம்பரம். எஃப். ஜே. அண்ட் ஜி. டி சேரம் தன் வரலாற்றை 1841 இலிருந்து எண்ணுகிறது. ஜூலியஸ் அண்ட் கிரீசி 1879 இல் தோன்றியது, டி. எல். அண்ட் எஃப். டி சேரம் 1898 இல். பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையில் கிங் அண்ட் பார்ட்ரிட்ஜ் 1908 முதல் இயங்குகிறது. தோட்டக் கம்பனிகளும் வங்கிகளும் வளர்ந்த கதை இவற்றின் கோப்புகளில் இருக்கிறது. அதே கவனம் புத்தளம், சிலாபம், கற்பிட்டி ஊர்களின் பெரக்கிராசிமாருக்கும் நொத்தாரிசுமாருக்கும் கிடைக்க வேண்டும். கொழும்பு நிறுவனத்தின் கட்சிக்காரர் கம்பனி. இவர்களுடைய கட்சிக்காரரோ ஊர் முழுவதும்.

இந்தத் தொழிலின் சொற்களே கடல் வழியாக வந்து இறங்கியவை. பெரக்கிராசியும், காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பும் போர்த்துக்கேயர் தந்தவை. வாதாடும் வழக்கறிஞரைக் குறிக்கும் அப்புக்காத்து ஒல்லாந்தரின் சொல். 17 ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தர்தான் உரோமன்–டச்சுச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். 1799 இல் ஆங்கிலேயர் அதைத் தொடர்ந்து நடைமுறையில் வைத்திருப்பதாகப் பிரகடனம் செய்தார்கள். 1833 இன் நீதிப் பட்டயம் மாவட்ட நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்தியது. அந்த நீதிமன்றங்களில் ஒன்றான சிலாபத்தில் பின்னாளில் நீதிபதியாக அமர்ந்தவர் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. 1834 இல் இலங்கையின் ஊர்களைத் தொகுத்து 'சிலோன் கசற்றியர்' வெளியிட்டவரும், 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூராக்' என்ற நூலாக ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. இந்தக் கரையோரத்தில் சட்டமும் ஊர் வரலாறும் ஒரே மேசையில் எழுதப்பட்டதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் நொத்தாரிசு அலுவலகத்தைத் தேவையாக்கியது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி விற்பனையானாலும் ஈடானாலும், எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு ஒருவரதும் இரண்டு சாட்சிகளதும் முன்னிலையில் கையொப்பம் இட வேண்டும், இல்லையேல் செல்லாது. வாய்ச்சொல்லில் மட்டும் நிலம் கைமாற அதன்பின் இடமில்லை.

1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இந்த வேலைக்கு ஒழுங்கு வகுத்தது. உறுதியின் மூலம் உரிமையாளரிடம் போகும். இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்குப் போக வேண்டும். மூன்றாவது, நொத்தாரிசின் அலுவலகத்திலேயே தங்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர் கையொப்பம் வைப்பதற்கு முன், உறுதியை அவருக்கு வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை. பிறகு 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம், ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் மோதினால், முறையாக முதலில் பதியப்பட்டதற்கு முன்னுரிமை தந்தது. "இன்றைக்கே பதிஞ்சு போடுங்க" என்று நொத்தாரிசு வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

மதுரங்குளி போன்ற ஊரில் இந்த வேலை இலேசானதல்ல. ஒரே வீதியில் வசிக்கும் மூன்று குடும்பங்களுக்கு ஒரே வாரிசுச் சட்டம் இல்லை. முஸ்லிம் ஒருவர் மரணசாசனம் இன்றி இறந்தால் 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம். பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட தமிழருக்கும் கரையோரச் சிங்களவருக்கும் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம். யாருக்கு எத்தனை பங்கு, எந்த மகளுக்கு எது சீதனமாகப் போனது, எந்த மகன் கையொப்பம் வைக்கவில்லை என்பதெல்லாம் தெரியாமல் "பிரிக்கப்படாத பாதிப் பங்கு" என்ற ஒரு வரியைக்கூட எழுத முடியாது.

அந்த வரிகளுக்குக் கீழேதான் ஊர் இருக்கிறது. வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஓடை, தெற்கே வண்டிப் பாதை என்று எல்லை எழுதுவார்கள். ஓடை தூர்ந்து, வண்டிப் பாதை தார் வீதியான பின்னும் உறுதியில் அவை அப்படியே நிற்கும். 1980 களில் முந்தல் களப்பை அண்டிய நிலங்களில் இறால் பண்ணைகள் பெருகின. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து தொட்டிகளைக் காலியாக்கியது. அந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் யார் விற்றார், யார் ஈடு வைத்தார், யார் இழந்தார் என்ற விவரத்தோடு படிக்க வேண்டுமானால் இந்தப் பிரதிகளையே புரட்ட வேண்டும்.

1990 ஒக்டோபரில் இத்தகைய பிரதிகளுக்கு வேறொரு பெறுமதி வந்தது. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மணித்தியாலக் கணக்கில் புறப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். உறுதி கையில் இல்லாதவர் ஊர் திரும்பி உரிமை கேட்க, எங்கோ ஓர் அலுமாரியில் ஒரு பிரதி இருந்தாக வேண்டும். பத்து வருடத் தடையற்ற ஆட்சி உரிமையாகும் என்பது 1871 ஆம் ஆண்டின் சட்டம். போரால் உரிமை கோர முடியாமற் போனவர்களுக்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்க 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கதவைத் திறந்தாலும், உள்ளே நுழைய உறுதி வேண்டும்.

1974 முதல் அப்புக்காத்து, பெரக்கிராசி என்ற பிரிவு இல்லை, எல்லோரும் சட்டத்தரணிகள். பெயர்ப்பலகை மாறியது, அலுமாரி மாறவில்லை. கறையானும் கரையோரத்து ஈரக்காற்றும் அதை அரிக்கின்றன. நொத்தாரிசு காலமானால் அவருடைய பிரதிகள் காணிப் பதிவாளரிடம் சேர வேண்டும். பிள்ளைகள் அதை விரைந்து செய்தால்தான் அவை தப்பும்.

மொழியும் இதில் சேர்ந்தது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆயினும் தமிழில் வழக்குத் தாக்கல் செய்யவும், மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தமிழில் எழுதிய பழைய உறுதியை நீதிமன்றத்தில் சரியாக வாசித்து, "ஈடு" என்றால் என்ன, "சீதனம்" என்றால் என்ன என்று சொல்ல ஆள் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். பதிவாளர் நாயகம் திணைக்களம் புத்தளம் மாவட்டத்தின் பழைய நொத்தாரிசுப் பிரதிகளை, தமிழ் உறுதிகளையும் விடாமல், படம் பிடித்துக் காக்க வேண்டும். புத்தளம், சிலாபம் சட்டத்தரணிகள் சங்கங்கள் தங்கள் மூத்த அலுவலகங்களின் வரலாற்றை, நினைவுள்ளவர்கள் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். தமிழில் உறுதி முடிக்கும் இளம் நொத்தாரிசுகளை இந்தக் கரையோரத்துக்கு ஊக்கப்படுத்தி அனுப்ப வேண்டும். வீட்டில் பழைய உறுதி வைத்திருக்கும் வாசகர்கள் அதன் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். மூலம் தொலைந்தாலும் பிரதியைத் தேட அந்த மூன்றும் உதவும்.