முகாமை எங்கே போட்டோம்?

கல்லூரியில் படிக்கும்போது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏழு நாள் முகாம். அதில் ஒருநாள் மருத்துவ முகாம். ஊர்க் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் மேசை போட்டோம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண் எல்லாம் பார்த்தார்கள். நல்ல கூட்டம். ஆனால் காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. "தாழ்த்தப்பட்ட மக்களிடையே சுகாதார விழிப்புணர்வு குறைவு" என்று அன்றிரவு அறிக்கை எழுதினோம். அதை எழுதியது நான்தான். நானும் வேறொரு காலனியில் பிறந்து வளர்ந்தவள்.

மறுநாள் வீடு வீடாகப் போனபோது ஓர் அக்கா கேட்டார்: "அந்த மண்டபத்துக்குள்ள நாங்க என்னைக்கும்மா போயிருக்கோம்? பிரஷர் பாக்கறாங்கன்னா மட்டும் உள்ள வுட்டுடுவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அறிக்கையையும் நாங்கள் திருத்தவில்லை.

பின்னாளில் எம்.ஏ. சமூகவியலில் சுகாதாரச் சமத்துவம் பற்றிப் படித்தேன். அந்த அக்கா கேட்டதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியாவில் ஒரு தலித் பெண், உயர்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார் என்கிறது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை. விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுத்து இந்த இடைவெளியை அடைக்க முடியுமா?

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக மாணவர்கள் சேரிக்குப் போய் 'கை கழுவுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்கிறார்கள். குழாய் ஏன் ஊரோடு நின்றுவிட்டது என்று கேட்பவர்கள் குறைவு. குறை மக்களிடம் இருக்கிறது என்ற முடிவோடு போனால், எத்தனை முகாம் நடத்தினாலும் நாம் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

இதே ஸ்ரீபெரும்புதூரில் நமக்குப் பாடம் எடுத்தவர்கள் பெண் தொழிலாளர்கள். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆனது என்று யாரும் தெளிவாகச் சொல்லாத நிலையில், பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளிலும் உணவுக்கூடங்களிலும் சில, தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலை மறுபடி திறந்தது.

அந்தப் பெண்களுக்குக் கை கழுவத் தெரியாமலா நோய் வந்தது? அவர்கள் சாலைக்கு வந்த பிறகுதான் சமையலறையும் தங்கும் அறையும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இன்னொரு சிக்கல். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு, தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்ட வேண்டும். ஆனால் நோய்க்கால விடுப்புக்குப் பணம் வாங்க, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் கணக்கு இருக்க வேண்டும். அடிக்கடி கான்ட்ராக்டர் மாறி, இடையில் வேலை நிற்கிற பெண்ணுக்கு அந்த 78 நாள் எங்கிருந்து வரும்? காய்ச்சலோடு ஷிஃப்டுக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி?

தம்பி, தங்கைகளே, முகாமுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். முகாமைக் காலனியில் போடுங்கள். ஊர்க்காரர்களும் அங்கே வரட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கும் நேரத்தில் வைக்காதீர்கள். வந்தவர்களை எண்ணுவதோடு நிறுத்தாமல், வராதவர்கள் யார், ஏன் என்று கேட்டு எழுதுங்கள். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பணம் கட்டப்படுகிறதா என்று உடன் உட்கார்ந்து பாருங்கள். தெரிந்துகொண்டதைக் கல்லூரி அலமாரியில் பூட்டிவைக்காமல், அந்த மக்களோடு கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் சபை கூடும். மனுவை அவர்கள் கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

நான் எழுதிய அந்த அறிக்கை இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். அப்படி இன்னொன்றை நீங்கள் எழுதிவிடாதீர்கள்.

ஜெய் பீம்.