கோட்டைத் தள்ளிப் போட்டால் எஃகு உறுதியாகிவிடுமா?

நூறு ரூபாய் சரக்குக்கு எழுபத்தைந்துதான் கடன் தருவோம். மீதிதான் மார்ஜின். சரக்கு விலை சரிந்தால் டிராயிங் பவர் இறங்கும். பார்ட்டி வித்தியாசத்தைக் கட்டியே ஆகணும். அதை விட்டுட்டு நான் மார்ஜினைக் குறைத்து, 'கணக்கு சரியா இருக்கு சார்' என்று எழுதினால் என் சீட்டு கிழிந்துவிடும்!

அமெரிக்க அணு உலைகளில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான்.

உலைக்கலன் கனமான எஃகுப் பாத்திரம். நியூட்ரான் அடி வாங்க வாங்க எஃகின் இழுபடும் தன்மை போய் நொறுங்கும் தன்மை வரும். விபத்து நேரத்தில், அழுத்தம் குறையாமலே உள்ளே குளிர்ந்த நீர் பாய்ந்தால், சின்ன விரிசலும் பிளந்துகொண்டு போகலாம். கலன் உடைந்தால் மாற்று ஏற்பாடு கிடையாது.

எந்த வெப்பத்துக்குக் கீழே எஃகு நொறுங்குமோ, அந்த வெப்பம் வயசாக ஆக ஏறும். தகடுகளுக்கும் நெடுக்கு வெல்டுகளுக்கும் அது 270 டிகிரி பாரன்ஹீட்டைத் (நம்ம கணக்கில் 132 செல்சியஸ்) தாண்டக்கூடாது என்று 1985ல் என்.ஆர்.சி. கோடு போட்டது.

மிச்சிகனின் பாலிசேட்ஸ் உலை 2017ல் அந்தக் கோட்டைத் தொடும் என்று கணக்கு வந்தது. நிர்வாகம் என்ன செய்தது? 2010ல் வந்திருந்த மாற்று விதிக்குத் தாவ அனுமதி கேட்டது. 2015ல் கிடைத்தது! 2022ல் மூடிய அதே உலையை மறுபடி ஓட்ட, 2024ல் 152 கோடி டாலர் அரசுக் கடன் உத்தரவாதம் வேறு.

'பழைய வரம்பு ரொம்பக் கடுமை, புது ஆய்வு அப்படித்தான் சொல்லுது' என்பார்கள். இருக்கட்டும். புது விதியில் வெல்டுகளைச் சோதித்த விவரமும் காட்டணும், அதுவும் நல்லதுதான். ஆனால் ஆய்வில் கிடைத்த மிச்சம் முழுக்க யாருக்குப் போனது? கூடுதல் வருஷங்கள் ஓட்டுவதற்கு. பக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு டிகிரிகூடப் போகவில்லை.

மார்ஜின் என்பது நமக்குத் தெரியாத ஆபத்துக்காக வைப்பது. தெரிந்த கணக்கைக் காட்டி அதைக் கரைக்கலாமா? நீங்களே சொல்லுங்க.