தோளுக்குள் நெரிபடும் நரம்பு

விளையாட்டு வீரரின் கை ஓய்ந்தால் முதலில் அவரது மனத்தைச் சந்தேகிப்பது பழைய வழக்கம். 1980இல் அமெரிக்க பேஸ்போல் வீரர் ஜே.ஆர். ரிச்சர்ட், பந்தெறியும் கை செத்துப்போனது போலிருக்கிறது என்றபோது, சோம்பல், பாசாங்கு என்றார்கள். ஜூலை 30ஆம் திகதி பயிற்சியிலேயே பக்கவாதம் தாக்கி விழுந்தார். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியாகவே கைக்கான நரம்புகளும் இரத்தக்குழாய்களும் செல்கின்றன. அவருக்கு அங்கே இரத்தக்குழாய் நெரிபட்டிருந்தது. அந்த இடத்தின் ஆபத்தை வைத்தியர்கள் முன்பே அறிவார்கள். நரம்பையும் குழாயையும் அழுத்தும் மேலதிகக் கழுத்து விலா எலும்பை லண்டனில் ஹோம்ஸ் கூட் 1861இலேயே அகற்றிவிட்டார். அந்த அறிவு மைதானத்துக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு போதவில்லை.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம். அதில் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும், தோளின் இன்னோர் இடத்தில், தோள்பட்டை எலும்பின் விளிம்பில் வளைந்து செல்லும் நரம்பு இழுபடுகிறது. சிலருக்கு மூட்டின் ஓரச் சவ்வு கிழிந்து, அங்கே திரளும் நீர்க்கட்டியும் அதை அழுத்துகிறது. 1985இல் ஐரோப்பியப் போட்டியொன்றில் இத்தாலிய வைத்தியர்கள் 96 முன்னணி வீரர்களைப் பரிசோதித்தார்கள். 12 பேருக்கு, பந்தடிக்கும் தோளின் பின்புறத் தசையொன்று நரம்பு பாதிப்பால் பலமிழந்திருந்தது. அவர்களுக்கு நோவே இருக்கவில்லை.

நோவில்லாத நோயை எண்ணெய் தடவி உருவுவதாலும் பிடிக்க முடியாது, ஊசியாலும் பிடிக்க முடியாது. கண்ணால் பிடிக்கலாம். சட்டையைக் கழற்றி முதுகுப்புறம் பார்த்தால் ஒரு பக்கம் குழிந்திருக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையை வெளிப்புறம் தள்ளச் சொன்னால் பலக்குறைவு தெரியும். அதன்பிறகுதான் நரம்பின் மின்பரிசோதனையும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும். கட்டி இல்லையென்றால் பெரும்பாலும் சில மாத ஓய்வும் இயன்மருத்துவப் பயிற்சியும் போதும். கட்டி அழுத்தினால், சிறு துளை வழியே அதை அகற்றிவிடலாம். தாமதித்தால் மெலிந்த தசை முழுதாகத் திரும்பாமலே போகலாம்.

கிழக்கில் மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை பாடசாலைகளும் கழகங்களும் பருவம் தொடங்குமுன் ஒரு நாளை இந்தப் பரிசோதனைக்காக ஒதுக்கட்டும். பெண் பிள்ளைகளைப் பெண் வைத்தியரோ இயன்மருத்துவரோ தனியறையில் பார்க்கட்டும். கல்முனையிலேயே ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. சந்தேகமுள்ளவரை அங்கு அனுப்புவது பயிற்றுநரின் கடமை. கை ஓய்ந்த பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுமுன், தோளைத் திருப்பிப் பாருங்கள்.