கடவுச்சொல் சரி, கதவு திறக்கவில்லை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., கணிப்பொறி அறிவியல்)

‘கணிப்பொறியின் வகைகளை விவரி’ என்ற ஐந்து மதிப்பெண் வினாவில் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணிப்பொறிக்கு நான்கு வரி எழுதிவிட்டு நகர்கிறோம். அது அருங்காட்சியகப் பொருள் என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 ஓய்வு பெற்றுவிட்டது உண்மைதான். ஆனால் அதன் வழித்தோன்றல்கள் இன்றும் பெரிய வங்கிகளின் கணக்குகளைச் சுமக்கின்றன. 1999-இல் ஐ.பி.எம். வழிவிட்டதிலிருந்து அவற்றில் லினக்ஸும் ஓடுகிறது.

அந்த லினக்ஸை நிறுவியவுடன் வரக்கூடிய தொல்லை ஒன்றைக் கேளுங்கள். நிறுவும் வேலை இனிதே முடிந்தது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ‘தவறு’ என்கிறது. பெயர் தவறா, சொல் தவறா என்றும் சொல்வதில்லை; திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாதல்லவா! எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவத்தான் கை போகும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். வாயிலில் அட்டை செல்லவில்லை என்றால், எந்த ஷிப்டில் பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்.

இங்கேயும் வாயிலில் ஒருவர் இருக்கிறார். லினக்ஸ் பெரும்பாலும் இசட்/விஎம் என்ற மென்பொருளின் கீழ்க் குடியிருக்கிறது. அதன் முனையத்தில் நாம் தட்டுவதை முதலில் படிப்பது இசட்/விஎம். அதன் வழக்கப்படி ‘@’ என்றால் முந்தைய எழுத்தை அழி. ‘#’ என்றால் வரி முடிந்தது. ‘45@7’ என்று தட்டினால் லினக்ஸின் காதில் விழுவது ‘47’. கடவுச்சொல்லில் குறியீடு சேர்த்த கெட்டிக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார்! இந்த வழக்கத்தை நிறுத்தி வைக்கலாம், அல்லது எஸ்.எஸ்.எச். மூலம் வலையமைப்பு வழியே நுழையலாம். அந்த வழியில் ரூட் எனும் தலைமைப் பயனரை, 2015-இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.0 முதல், வெறும் கடவுச்சொல்லுக்கு இயல்பாக விடுவதில்லை. ஆகவே நிறுவும்போதே சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் தேர்வுகள் இலக்கணம் கேட்கின்றன, பழுதைக் கேட்பதில்லை. செய்முறைத் தேர்வில், வேண்டுமென்றே கெடுத்துவைத்த கணிப்பொறியைத் தந்து, ‘ஏன் உள்ளே விடவில்லை?’ என்று கேட்டால் என்ன? பெருங்கணிப்பொறி வாங்க வேண்டியதில்லை. ஹெர்குலிஸ் என்ற இலவச மென்பொருள் சாதாரணக் கணிப்பொறியையே அப்படி நடிக்க வைக்கும். அதில் டெபியன் லினக்ஸை ஓட்டலாம், ஆமை வேகம்தான். இசட்/விஎம் இலவசமில்லை என்றாலும் முனையம், பயனர், பதிவேடு ஆகியவற்றைப் பழகலாம்.

வசதியுள்ளவர் சென்னையில் பணம் கட்டிப் பயில்வார். வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் என் போன்றோருக்கு இந்த ஆய்வகத்தை விட்டால் வேறிடம் இல்லை. சனிக்கிழமை பிற்பகல்களில் அது பூட்டியே கிடக்கிறது. துறைத்தலைவர் அவர்கள் சாவி தந்தால், அடுத்த பருவத்திலேயே தொடங்க நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம்.