புதிய சாவி யார் கையில்?

தோழர்களே! கடலூர் ஆலைத் தொழிலாளியின் சம்பளமும், சிதம்பரம் வட்டாரத்து விவசாயக் கூலியின் ஊரக வேலைத் திட்டக் கூலியும் இன்று பாங்கியில்தான் வந்து விழுகின்றன. அங்கே பணத்தைக் காப்பது இரும்புப் பூட்டல்ல. எண்களால் ஆன பூட்டு. மிகப் பெரிய எண் ஒன்றை, எந்த இரு எண்களைப் பெருக்கி வந்தது என்று பிரித்துக் காண இன்றைய கம்ப்யூட்டரால் முடியாது. குவாண்டம் யந்திரத்தால் முடியும் என்று 1994-ல் அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஷோர் காட்டினார். அவ்வளவு வல்லமையுள்ள யந்திரம் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் உலகெங்கும் போட்டி நடக்கிறது. நமது சர்க்காரும் 2023 ஏப்ரலில் 6,003 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அனுமதி தந்தது.

விஞ்ஞானம் வளரட்டும்! ஆனால் கடலூருக்கு அனுபவம் உண்டு. சிப்காட்டில் ரசாயன ஆலைகள் வந்தன. நாற்றமும் கெட்ட நிலத்தடி நீரும் சுற்றுக் கிராமங்களின் பங்காயின. முதலில் கேட்க வேண்டியதை ஜனங்கள் மூச்சுத் திணறிய பிறகு கேட்க நேர்ந்தது.

இம்முறை இப்போதே கேட்போம். புதிய பூட்டுகளுக்கான முறைகள் 2024-லேயே வெளிவந்துவிட்டன; நமது பாங்கிகள் எப்போது மாற்றும்? பொதுப் பணத்தில் விளையும் அறிவு பொதுச் சொத்தாகுமா, சில கம்பெனிகளின் லாபமாகுமா? ஜனங்களை வேவு பார்க்க அது பயன்படாது என்பதற்குச் சட்டம் எங்கே?

பார்லிமெண்ட் பதில் சொல்லட்டும்! பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே!