டேப் சுற்றிய கட்டிங் பிளேயர்

இந்த முறை லீவில் ஏலப்பாறைக்குப் போனபோது செய்த ஒரே உருப்படியான வேலை, பரணில் கிடந்த அப்பாவின் டூல்ஸ் பெட்டியைத் திறந்ததுதான். எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். சுத்தியல், உளி, அரம் எல்லாம் லேசான துருவோடு நலமாக இருந்தன. கட்டிங் பிளேயரை எடுத்தால் கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சிவப்பு உறை வெல்லப்பாகு மாதிரி இளகியிருந்தது. கையைக் கழுவ அரை சோப்பு காலி. இத்தனைக்கும் அந்த மரப்பிடி உளிக்கு என்னைவிட வயது அதிகம்.

இதைத் துடைத்து வைத்துவிட்டு மறந்திருப்பேன். மறுநாள் பாத்ரூம் லைட்டைப் பார்க்க ஒரு தம்பி வந்தான். அவன் கையிலும் அதே மாதிரி பிளேயர், பிடி முழுக்கக் கறுப்பு டேப்.

"என்னப்பா இது?"

"ரப்பர் நைஞ்சு போச்சுண்ணே. டேப்பு சுத்திட்டா ஷாக் அடிக்காது."

வெளியே நம்ம ஊர் மழை. தரை ஈரம். மெயினை ஆஃப் பண்ணவில்லை, ஏனென்றால் உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் ஆஃப் பண்ணினேன். வீட்டில் எனக்குக் கிடைத்த திட்டு தனிக்கதை.

முதலில் ஒன்று. அது ரப்பரே இல்லை. சாதாரண பிளேயரில் இருப்பது பெரும்பாலும் பிவிசி. இரும்பைத் திரவமாக இருக்கும் பிளாஸ்டிக் குழம்பில் முக்கி எடுப்பார்கள். இயல்பிலேயே விறைப்பான பிவிசியை மெத்தென்று ஆக்க ஒரு எண்ணெய்ப் பொருளைக் கலப்பார்கள். வருடங்கள் போகப் போக அது மேலே கசிந்து வரும், அதுதான் பிசுக்கு. எண்ணெய் போன உள்பகுதி விறைத்து வெடிக்கும். ஸ்க்ரூ டிரைவர்களில் வரும் மெத்து மெத்து பாலியூரித்தேன் பூச்சுக்கு வேறு வியாதி. காற்றில் உள்ள ஈரமே அதைச் சிதைத்துவிடும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியில் கிடக்கும் பீர்மேடு தாலுகாவுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத சரக்கு கிடையாது.

(வேடிக்கை என்னவென்றால், மலையிறங்கினால் முண்டக்கயம் முழுக்க ரப்பர் மரம். 1902ல் தட்டேக்காட்டில் ரப்பர் போட்ட மர்ஃபி துரை, பிறகு வந்து தோட்டம் வளர்த்தது பக்கத்து ஏந்தயாரில்தான். ரப்பர் போர்டு இருப்பது கோட்டயத்தில். நம் கைக்கு வருவது பிவிசி.)

பிசுக்குக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். பவுடர் போடு, மண்ணெண்ணெயில் துடை, டேப் சுற்று. பவுடர் ரெண்டு நாள் மறைக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் பல ரப்பர்களை ஊதவைத்து இன்னும் கெடுக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் பிசுக்கு வரும், உண்மை. ஆனால் போன பொருள் திரும்பி உள்ளே போகாது. வங்கியில் வாராக்கடனைப் புதுக்கடன் கொடுத்து அடைத்துக் கணக்கில் அழகாகக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பிடிக்கு டேப் சுற்றுவதும் அதே ஜாதிதான்.

"டேப்பே இன்சுலேஷன் டேப்தானே" என்று கேட்பீர்கள். ஆமாம், அசையாமல் இருக்கும் வயர் ஜாயிண்டுக்கு. நாள் முழுக்க அழுத்திப் பிசையும் கைப்பிடிக்கு அல்ல. கீழே பிசுக்கு இருந்தால் டேப் வழுகும், சுருளும், இடைவெளி விடும். அந்த இடைவெளியில் ஈரமும் இரும்புத் தூளும் போய் உட்காரும். ஈரக்கையில் உடம்பின் தடை குறைவு, வருவது 230 வோல்ட்.

அதைவிடப் பெரிய ஏமாற்று, அந்தச் சிவப்பு உறை புதிதாக இருந்தபோதும் ஷாக்குக்கான காவல் இல்லை என்பது. அது கைக்குச் சுகம், அவ்வளவே. கரண்ட் வேலைக்கென்று ஐஇசி 60900 என்ற தரத்தில் செய்த கருவி தனி. அதில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். விரல் இரும்பு பக்கம் வழுகாமல் இருக்கப் பிடியின் முனையில் மேடு இருக்கும். சிலவற்றில் உறை இரண்டு நிறத்தில் இருக்கும், உள்நிறம் தெரிந்தால் கருவி அவுட். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்து, "கரண்ட் வேலைக்கா? இது போதும் சார்" என்று மலிவானதை எடுத்து நீட்டுகிறார். கம்பெனிக்காரர்களாவது அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் "மின்சாரத்துக்கு அல்ல" என்று கொட்டை எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? சிகரெட் பெட்டியில் போடவில்லையா?

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2000ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து பீர்மேட்டில் தோட்டங்கள் வரிசையாக மூடியபோது, எத்தனையோ வீடுகளில் கையில் கிடைத்த வேலைக்குப் போனார்கள். பெயிண்டிங், பிளம்பிங், வயரிங். முறையான பயிற்சி பலருக்கு இல்லை. அவனுடைய பிளேயரும் அவன் அப்பாவுடையதுதானாம். நல்ல பிளேயர் சாதாரணத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை இருக்கலாம். அதைக் கூலிக்காரன் தலையில் கட்டிவிட்டு, மெயினையும் அணைக்க விடாமல், சீரியல் பார்க்கிறோமே, நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

கிளம்பும் முன் கட்டப்பனை போய் இரட்டை முக்கோணம் போட்ட ஒன்றை வாங்கி அவனிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்லா இருக்குண்ணே. மழையில கொண்டு போனா வீணாப் போயிருமே. இதை வீட்டுல வச்சுக்கறேன்."

அரைமணி நேரம் வாதாடினேன். அப்பாவின் பிளேயர் உறையை பிளேடால் உரித்துவிட்டு, வேலிக்கம்பி முறுக்க மட்டும் என்று தனியாக வைத்திருக்கிறேன்.