அலாரம் அடிச்சா அவ்ளோதான் மாமு!

புத்தூர் நாலு ரோடு ஏரியாவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பசங்ககிட்ட ஒரு ஓட்டை லேப்டாப் இருந்தா, அதில் அநேகமா 'ஐ.ஜி.ஐ.' இருக்கும். 2000 டிசம்பரில் வந்த கேம். நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை! பெயருக்கு அர்த்தம் 'நான் உள்ளே போறேன்'. ஹீரோ டேவிட் ஜோன்ஸ் ஒத்தை ஆளா எதிரி கேம்ப்புக்குள் நுழையணும். அவ்ளோதான் மேட்டர்.

நார்வேக்காரங்க இன்னர்லூப் கம்பெனி, தங்களோட போர் விமான கேமுக்குச் செஞ்ச இன்ஜினையே இதுக்கும் போட்டாங்க. அதான் மைதானம் மைதானமா இடம். மலை மேல படுத்துக்கிட்டு... ஸாரி, இதில் படுக்க முடியாது, குந்தத்தான் முடியும்! குந்திக்கிட்டு பைனாகுலரில் கேம்ப்பை அளக்கலாம். சாட்டிலைட் மேப்பில் காவலாளி எங்கே நடக்கிறான்னு லைவா பார்க்கலாம். அப்புறம் கேமராவை ஆஃப் பண்ணிட்டு உள்ளே போகணும். சுடுறதைவிட இந்தத் திட்டம் போடுறதுலதான் கிக்.

காவலாளிகளுக்கு மூளை கம்மி. பக்கத்தில் ஆள் விழுந்தாலும் சில நேரம் தேமேன்னு நிற்பாங்க. அலாரம் அடிச்சா மட்டும் ஒரே ரூமிலிருந்து வந்துக்கிட்டே இருப்பாங்க பாருங்க, நம்ம ஹாஸ்டலில்கூட அத்தனை பேரை அடைக்க மாட்டாங்க! செத்தவனை இழுத்து ஒளிச்சு வைக்கவும் வழியில்லை. இதை வெளியிட்ட அதே ஈடாஸ், ஒரு மாசம் முன்னாடி விட்ட 'ஹிட்மேன்'ல அந்த வசதி உண்டு.

பெரிய பஞ்சாயத்து 'சேவ்'. மொத்தம் 14 மிஷன். நடுவில் சேவ் கிடையாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் போய், கடைசிக் கதவில் குண்டு பட்டா மறுபடி முதலிலிருந்து. பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடின சீனியர் அண்ணன்கள் இன்னும் இதைச் சொல்லிப் புலம்புறாங்க. பேட்டரி செத்த லேப்டாப்பில் கரன்ட் போனாலும் அதே கதிதான்.

ஆனா என் ஓட்டு சேவ் இல்லாததுக்கே! எப்போ வேணா சேவ் பண்ணலாம்னா எவன் பதுங்குவான்? நேரா ஓடிப்போய்ச் சுட்டுத் தள்ளுவோம். 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மிஷனுக்குச் சில சேவ் கொடுத்தாங்க, படுத்து ஊரவும் விட்டாங்க. வசதி கூடிச்சு, வயித்துக் கலக்கம் குறைஞ்சிடுச்சு. நீளமான மிஷனில் மட்டும் நடுவில் ஒரே ஒரு சேவ் வெச்சிருக்கலாம்.

நம்ம மார்க் 10-க்கு 7. மீதி மூணும் காவலாளிங்க கணக்கில் கழிச்சது!